நீலகிரிக் கருங்கல்லின் வறட்சியும் கவசத்தின் ஈரமும்

கோத்தகிரித் தேயிலை:

எங்கள் தோட்டத்துக்கு மேலே செல்லும் பாதையை அகலப்படுத்தியபோது வெட்டிப் போட்ட பாறைத் துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மேல்தோல் பழுப்பேறி, நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிர்கிறது. சம்மட்டியால் பிளந்த உட்புறமோ எண்ணெய் பூசியது போன்ற பசுஞ்சாம்பல் நிறத்தில் பளபளக்கிறது. கத்தி முனையால் அழுத்திக் கீறினாலும் தடம் விழவில்லை. நிலவியல் படித்த உறவினர் ஒருவர் பார்த்துவிட்டு, இது சார்னோகைட் என்றும், நம் மலையின் பெரும்பகுதி இதனால் ஆனது என்றும், இது நீரற்ற பாறை என்றும் சொன்னார்.

அதே வாரத்தில் பூமிக்கு அடியில் 600 கி.மீ. ஆழத்தில் பெருங்கடல் ஒன்று ஒளிந்திருப்பதாக நாளிதழில் ஒரு செய்தி படித்தேன். ஆண்டு முழுவதும் ஊற்று வற்றாத இந்த மலையின் கல்லில் நீர் இல்லை, ஆயிரம் செல்சியஸுக்கு மேல் தகிக்கும் ஆழத்தில் கடல் இருக்கிறது என்றால் இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? அங்கே உண்மையிலேயே நீர் இருந்தால் அது பாறையை என்ன செய்கிறது? 2009 நவம்பர் மழையில் நம் சரிவுகள் இளகி இறங்கியதுபோல, பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசமும் ஈரத்தால் இளகுமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொடைப்பாறை:

ஐயா, முதலில் அந்தச் செய்தியில் உள்ள ‘கடல்’ என்ற சொல்லை விலக்கிவிடுவோம். அதுதான் குழப்பத்தின் வேர். அந்த ஆழத்தில் அலையடிக்கும் நீரும் இல்லை, குகையில் தேங்கிய நீரும் இல்லை. பாறையின் அழுத்தம் அங்கே எந்த இடைவெளியையும் விட்டுவைக்காது. இருப்பது ஹைட்ரஜன் அணு. அது படிகத்தின் ஆக்சிஜன் அணுவோடு ஒட்டி ஹைட்ராக்சிலாக நிற்கிறது. பாறையைச் சூடேற்றி அந்த ஹைட்ரஜனை வெளியேற்றினால் அது நீராக வெளிவரும் என்பதால், கணக்கு வசதிக்காக அதை ‘நீர்’ என்று எடையிட்டுச் சொல்கிறோம்.

மேல்கவசத்தின் முதன்மைக் கனிமம் ஆலிவின். மக்னீசியம், இரும்பு, சிலிக்கான், ஆக்சிஜன் ஆகிய நான்கும் சேர்ந்தது. அதன் வாய்பாட்டில் ஹைட்ரஜனுக்கு இடமே கிடையாது. ஆனால் எந்தப் படிகமும் குறையில்லாதது அன்று. ஒரு மக்னீசியம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், அதன் இரண்டு நேர்மின்னேற்றத்தை ஈடுசெய்ய இரண்டு ஹைட்ரஜன்கள் அங்கே வந்து அமரலாம். சிலிக்கான் இடம் காலியானால் நான்கு தேவைப்படும். இப்படி வாய்பாட்டில் இல்லாமல் குறைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் நீரைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். பெயரளவில் நீரற்ற கனிமங்களில் உள்ள இந்த நீர் கவசத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1992இல் பெல், ராஸ்மன் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை பலரையும் உணர வைத்தது.

அளவு மிகச் சிறியது. நடுக்கடல் முகடுகளில் எரிமலைக் குழம்பைத் தரும் மேல்கவசப் பாறையில் பத்து இலட்சத்தில் 100 முதல் 200 பங்கு நீர் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஒரு கிலோ பாறைக்கு இரண்டு முதல் நான்கு சொட்டு. அந்தச் சில சொட்டுகள் செய்யும் வேலைதான் வியப்புக்குரியது. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன், இன்று இங்கே மின்சாரம் போய்வருகிறது.

குன்னூர் வேதியியல்:

கொடைக்கானல் அம்மா தொடர்வதற்குள், பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் ஓர் ஒப்புமை சொல்ல விரும்புகிறேன். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுபவர்களுக்கு இது தெரியும். கம்பிப் பதத்துக்கும் உருட்டுப் பதத்துக்கும் இடையே மிஞ்சி நிற்கும் நீரின் அளவில் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் ஒன்று கரண்டியிலிருந்து நூலாக வழிகிறது, மற்றது தண்ணீரில் விட்டால் உருண்டையாகத் திரள்கிறது. ஒரு பொருள் வழிவதற்குக் காட்டும் தடையை அறிவியல் தமிழில் நாம் பாகுநிலை என்று வழங்கும் சொல்லே அந்த அடுப்படியிலிருந்து வந்ததுதான். சிறிது நீர் பாகுநிலையைப் பெரிதும் மாற்றும் என்பது நம் வீட்டுப் பெண்கள் கைப்பழக்கமாக அறிந்த செய்தி.

கொடைப்பாறை:

ஒப்புமை அழகானது ஐயா, ஆனால் ஓர் இடத்தில் அது வழுக்குகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கோத்தகிரி ஐயாவின் கேள்விக்கு விடை கிடைக்காது. வெல்லப்பாகு ஒரு நீர்மம்; நீர் அதில் கரைப்பானாக நிற்கிறது. கவசமோ திண்மம். நில அதிர்வின் குறுக்கலைகள் நீர்மத்தில் ஓடாது. கவசத்தில் அவை தடையின்றி ஓடுகின்றன. அந்தத் திண்மம்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஊர்ந்து நகர்கிறது. எப்படி? சூடான படிகத்துக்குள் அணுக்கள் ஒரு காலியிடத்திலிருந்து அடுத்த காலியிடத்துக்குத் தாவுகின்றன. படிகத்தில் அணு வரிசை பிசகிய இடப்பெயர்ச்சிக் கோடுகள் அந்தத் தாவல்களின் உதவியால் தடைகளைத் தாண்டி ஏறுகின்றன. ஹைட்ரஜன் நுழையும்போது காலியிடங்களின் எண்ணிக்கை கூடுகிறது. குறிப்பாக எல்லாரையும்விட மெதுவாக நடக்கும் சிலிக்கானுக்கு வழி திறக்கிறது. மெதுவாக நடப்பவரின் வேகம்தானே கூட்டத்தின் வேகம்.

இந்த மென்மையாக்கம் முதலில் தெளிவாகத் தெரிந்தது ஆலிவினில் அன்று, குவார்ட்ஸில். 1965இல் கிரிக்ஸும் பிளாசிக்கும் ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸ் படிகங்களை அழுத்திப் பார்த்தபோது, நீர்த்தடயம் உள்ள படிகங்கள் எதிர்பாராத அளவுக்கு எளிதில் வளைந்தன. இயற்கையான உலர்ந்த குவார்ட்ஸோ அதே வெப்பநிலையில் அசையவில்லை. பின்னர் 1986இல் கராடோவும் உடனிருந்தவர்களும் ஆலிவினிலும் நீரால் வலிமை குறைவதை அளந்தார்கள். 1996இல் ஹெர்த்தும் கோல்ஸ்டெட்டும் அந்த அளவீடுகளைக் கடலடிக்குப் பொருத்தி ஒரு கணக்குச் சொன்னார்கள். முகட்டின் கீழே கவசப் பாறை மேலே ஏறும்போது சிறிது உருகத் தொடங்குகிறது. நீர் கனிமத்தைவிட உருகிய குழம்பையே விரும்புவதால், முதல் சில துளி உருகலிலேயே பாறையின் நீர் குழம்புக்குப் போய்விடுகிறது. எஞ்சிய பாறை உலர்ந்து, அதன் பாகுநிலை சுமார் 500 மடங்கு கூடுகிறது. கடலடித் தட்டு கடினமாகத் தட்டாக நிற்பதற்கும், அதன் கீழே உள்ள அடுக்கு இளகி ஊர்வதற்கும் இது ஒரு காரணம் என்பது அவர்கள் முடிவு.

ஆகவே 2009ஆம் ஆண்டு மண்சரிவை இதோடு ஒப்பிட வேண்டாம். அங்கே திரவ நீர் மண்ணின் துளைகளில் நிறைந்து, துகள்களுக்கு இடையிலான அழுத்தத்தையும் உராய்வையும் குறைத்தது. அது மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடப்பது. கவசத்தில் துளையும் இல்லை, உராய்வின் பேச்சும் இல்லை.

பெருமாள்மலை:

கொடைப்பாறை அவர்கள் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் அந்த 500 மடங்கு என்ற எண்ணைப் படிப்பவர்கள் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. 2013இல் ஃபெய் என்பவரும் குழுவினரும் ஆலிவின் வகையான ஃபார்ஸ்டரைட்டில் சிலிக்கான் அணு பரவும் வேகத்தை நேராக அளந்தார்கள். நீர் கூடினால் வேகம் கூடுகிறதுதான். ஆனால் மிகவும் மிதமாக. முன்பு எண்ணியதுபோல ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடவில்லை, அளவின் கனமூலத்துக்கு அருகில்தான் கூடியது. அதாவது நீரை ஆயிரம் மடங்கு ஏற்றினாலும் பரவல் பத்து மடங்குதான் கூடும். பழைய உருக்குலைப்புச் சோதனைகளில் மாதிரிக்குள் தனித்து நின்ற நீர்மம் இருந்ததால் மென்மை மிகையாகத் தெரிந்தது என்பது அவர்கள் வாதம்.

மின்கடத்துதிறனிலும் இதே நிலைதான். ஹைட்ரஜன் படிகத்துக்குள் தாவித் தாவி மின்னேற்றத்தைச் சுமந்து செல்லும் என்று கராடோ 1990இல் முன்வைத்தார். பூமியின் காந்தப்புல மாற்றங்களையும் அவை தூண்டும் மின்னோட்டங்களையும் தரைமேல் அளந்து, ஆழத்துப் பாறை எவ்வளவு கடத்துகிறது என்று கணக்கிட முடிவதால், அது கவசத்தின் ஈரமானியாகிவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2006இல் இரண்டு ஆய்வகங்கள் ஆலிவினில் அளந்து வெளியிட்ட முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றின்படி நீர் மட்டுமே போதும், மற்றதன்படி போதாது. நில அதிர்வு அலைகளின் தேய்மானத்துக்கும் நீரையே காரணமாகச் சொல்லி வந்தோம். 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தபோது, அங்கே ஆக்சிஜனேற்ற நிலைதான் பெரிதாகத் தெரிந்ததே ஒழிய நீரின் பங்கு தெரியவில்லை. நீர் முக்கியம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எதில், எவ்வளவு என்பதில் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

கொடைப்பாறை:

நியாயமான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். பரவலை அளப்பதும் படிகத்தை அழுத்தி வளைப்பதும் ஒன்றல்ல என்று மறுதரப்பு சொல்கிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வழக்கே இல்லாத இடம் ஒன்று உண்டு: உருகுநிலை. நீர் சேர்ந்தால் கவசப் பாறை பல நூறு செல்சியஸ் குறைந்த வெப்பத்திலேயே உருகத் தொடங்குகிறது என்பதைக் குஷிரோவும் உடனாய்வாளர்களும் 1968இலேயே ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள். சுமார் 100 கி.மீ. ஆழத்து அழுத்தத்தில் உலர்ந்த பாறை உருகத் தொடங்க ஏறத்தாழ 1,450 செல்சியஸ் தேவை. நீர் நிறைந்திருந்தால் 1,000 செல்சியஸ் அளவிலேயே தொடங்கிவிடும். கடலடித் தட்டு நீரைச் சுமந்துகொண்டு கவசத்துக்குள் அமிழும் இடங்களில் எரிமலை வரிசை எழுவது இதனால்தான். நம் நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமானால் அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. குளிர்ந்த தட்டு உள்ளே இறங்கும் இடத்தில் வெப்பம் கூட வேண்டிய தேவையே இல்லை, நீர் வந்தால் போதும் என்பதை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் எனக்கே புதிதாகக் கேட்பதுபோல இருக்கும்.

ஊட்டி மாணவி:

வணக்கம். இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு கிலோவுக்குச் சில சொட்டு நீர் என்கிறீர்கள். அதுவும் குறையிடங்களில் மறைந்து நிற்கிறது. அது இருப்பது எப்படித் தெரிந்தது? 600 கி.மீ. ஆழத்தை யாரும் தோண்டவில்லையே?

பெருமாள்மலை:

தங்கையின் கேள்விக்கு விடை, நான் இருக்கும் மலையிலேயே நூறாண்டுக்கு மேலாகப் பழகிய ஒரு கலைதான். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909இல் எவர்ஷெட் சூரியப்புள்ளியின் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வதைக் கண்டு, அங்கே வளிமம் வெளிநோக்கி ஓடுவதை அறிந்தார். எட்ட முடியாத பொருளை அது விழுங்கிய ஒளியைக் கொண்டு அறிவது அந்தக் கலை. ஆலிவின் படிகத்தை இருபுறமும் மெருகேற்றி மெல்லிய சில்லாக்கி அதனூடே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினால், ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு அதிரும் இடத்தில், சுமார் 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், கதிர் குறைந்து வெளிவருகிறது. எவ்வளவு குறைந்தது என்பது நீரின் அளவைச் சொல்லும். அந்தக் குறைவு எந்த அலைநீளத்தில் விழுகிறது என்பதைக் கொண்டு ஹைட்ரஜன் மக்னீசியத்தின் இடத்தில் இருக்கிறதா, சிலிக்கானின் இடத்தில் இருக்கிறதா என்றுகூடப் பிரித்தறியலாம்.

கவசத் துண்டுகளை எரிமலைகளும், ஆழத்துக் குழம்பு மேலேறி உறைந்த கிம்பர்லைட் குழாய்களும் மேலே கொண்டுவந்து தருகின்றன. நமக்கு அருகில் அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூரில் அப்படிப்பட்ட கிம்பர்லைட் உண்டு. ஒரு சிக்கல்: ஹைட்ரஜன் மிகச் சிறியது, மிக வேகமாக ஓடக்கூடியது. சூடான குழம்பில் மேலேறி வரும் சில மணிகளிலோ நாள்களிலோ ஆலிவின் மணியின் ஓரம் தன் நீரில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. நடுவில் கூடுதலும் விளிம்பில் குறைவுமாக இருக்கும் அந்தச் சரிவை அளந்து, குழம்பு எவ்வளவு விரைவாக மேலேறியது என்றே கணக்கிடுகிறார்கள்.

கொடைப்பாறை:

600 கி.மீ. பற்றி நான் சொல்கிறேன் அம்மா. ஆலிவின் 410 கி.மீ. ஆழத்தில் வாட்ஸ்லேயைட் என்ற நெருக்கமான படிகமாகவும், 520 கி.மீ. அளவில் ரிங்வுடைட்டாகவும் மாறுகிறது; 660இல் அதுவும் சிதைந்து கீழ்க்கவசக் கனிமங்களாகிறது. வாட்ஸ்லேயைட்டின் அமைப்பில் சிலிக்கானோடு பிணையாத ஓர் ஆக்சிஜன் இருப்பதைக் கவனித்த ஸ்மித், 1987இலேயே அங்கே ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதினார். பின்னர் ஆய்வகத்தில் செய்து பார்த்தபோது அந்தப் படிகம் தன் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு வரை நீரை ஏற்றது. ரிங்வுடைட்டும் 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கக்கூடியது.

ஏற்கக்கூடியது என்பது வேறு, ஏற்றிருக்கிறது என்பது வேறு. அந்த இடைவெளியை நிரப்பியது பிரேசிலின் ஜூயினா பகுதியில் 2008இல் கிடைத்த, நகைக்கு உதவாத ஒரு பழுப்பு வைரம். எடை 0.09 கிராம். அதற்குள் ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய ரிங்வுடைட் துகள் சிக்கியிருப்பதைப் பியர்சனின் குழுவினர் கண்டறிந்து 2014இல் வெளியிட்டார்கள். அகச்சிவப்பு அளவீட்டில் அதன் எடையில் சுமார் 1.5 விழுக்காடு நீர். செய்தித்தாளின் ‘பெருங்கடல்’ பிறந்த இடம் அந்தத் துகள்தான். கணக்கு எளிது: 410 முதல் 660 கி.மீ. வரையிலான இடைமண்டலம் முழுவதும் 1 விழுக்காடு நீர் இருந்தால், அது மேலே உள்ள கடல்களின் எடையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகும். ஆனால் ஒரு துகளைக் கொண்டு மண்டலம் முழுவதும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. வைரத்தைப் பிறப்பித்த இடமே ஈரம் மிகுந்த தனியிடமாக இருந்திருக்கலாம். ‘இருந்தால்’ என்ற சொல்லைச் செய்தி விட்டுவிட்டது. எனக்கு அது வருத்தமே.

இந்த எல்லைகள் நீருக்கு வடிகட்டியாகவும் வேலை செய்கின்றன. நீரேறிய ரிங்வுடைட் 660ஐத் தாண்டிக் கீழே இறங்கினால், புதிதாகப் பிறக்கும் பிரிஜ்மனைட் என்ற கீழ்க்கவசக் கனிமத்துக்கு அவ்வளவு நீரை வைத்துக்கொள்ள இடம் இல்லை. மிஞ்சியது பாறையைச் சிறிது உருக்குகிறது. வட அமெரிக்காவின் கீழே அப்படிப்பட்ட உருகலின் அறிகுறியை நில அதிர்வு அலைகளில் கண்டதாக ஷ்மாண்டும் உடனாய்வாளர்களும் 2014இல் எழுதினார்கள்.

கோத்தகிரித் தேயிலை:

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் என் கல் இன்னும் மேசையில் இருக்கிறது. உலர்ந்த பாறை வலிமையானது என்றால், நம் மலை 2,637 மீட்டர் தொட்டபெட்டா வரை உயர்ந்து நிற்பதற்கு அந்த வறட்சிதான் காரணம் என்று சொல்லலாமா?

கொடைப்பாறை:

அப்படி நேராகச் சொல்ல மாட்டேன். மலையின் உயரம் நிலம் எழுந்ததாலும், மோயாறும் பவானியும் ஓடும், பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவிய பழைய நறுக்கு வலயங்களை ஒட்டிச் சுற்றுப்புறம் அரிந்து இறங்கியதாலும் வந்தது. அது தனிக் கதை. ஆனால் உங்கள் கல்லின் வறட்சியில் வேறு பெரிய செய்தி இருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 25 முதல் 35 கி.மீ. ஆழத்தில், 700 செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது உருவானது. ஆம்பிபோல், கருமைக்கா போன்ற நீருள்ள கனிமங்கள் அந்த வெப்பத்தில் தம் நீரை விட்டுவிட்டு ஆர்த்தோபைராக்சின் என்ற நீரற்ற கனிமமாக மாறின. நுண்ணோக்கியில் மெல்லிய சில்லைச் சுழற்றினால் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும் மணிகள் அவைதான். அந்த மாற்றம் பாதியில் நின்றுபோன இடம் கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் இருக்கிறது. நைஸ் எனப்படும் சாம்பல் நிறப் பட்டைப் பாறையின் நடுவே கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோகைட் பரவுவதை அங்கே கண்ட பிச்சமுத்து, 1960இல் அதை உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோகைட் என்றே குறித்தார். நீரை விரட்டியது கரியமில வாயு மிகுந்த பாய்மமா, அல்லது உருகிப் பிரிந்த குழம்பு நீரைக் கொண்டுபோனதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு; இரண்டிலும் பாறை உலர்ந்தது என்பது பொது.

இதே பாடம் கவசத்திலும் எழுதியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் காப்வால் பழங்கண்டத்தின் (கண்டத்தின் மிகப் பழைய, உறுதியான கருப்பகுதியின்) அடிவேரிலிருந்து கிம்பர்லைட் கொண்டுவந்த ஆலிவின் மணிகளைப் பெஸ்லியர் அளந்தபோது, 180 கி.மீ.க்குக் கீழே உள்ளவற்றில் நீர் ஏறத்தாழ இல்லை. அடியில் ஊரும் இளகிய கவசம் அந்த வேரை அரித்துக் கொண்டுபோகாமல் முன்னூறு கோடி ஆண்டுகளாக விட்டுவைத்ததற்கு அந்த வறட்சி காரணமாகலாம் என்று அவர் 2010இல் எழுதினார்.

உங்கள் கல்லில் உள்ள ஆர்த்தோபைராக்சினுக்கு ஆழத்திலும் ஒரு பங்கு உண்டு. அலுமினியம் சேர்ந்த அந்தக் கனிமம் குறைந்த ஆழத்தில் நிறைய நீரை ஏற்கும், ஆழம் கூடக் கூட ஏற்கும் திறன் சரியும். ஆலிவினின் திறனோ ஆழத்தோடு கூடும். இரண்டும் சேர்ந்து கவசம் மிகக் குறைவாக நீர் ஏற்கும் ஓர் ஆழம் உண்டாகிறது. அங்கே இடம் கிடைக்காத நீர் சிறிது உருகலை உண்டாக்கி, தட்டுகள் நகர உதவும் இளகிய அடுக்கைத் தருகிறது என்று மியர்டலும் கெப்ளரும் உடனிருந்தவர்களும் 2007இல் வாதிட்டார்கள். எனக்கு இந்த விளக்கம் பிடித்தமானது, ஏனென்றால் அந்த அடுக்கு ஏன் குறிப்பிட்ட ஆழத்தில் தொடங்கிக் குறிப்பிட்ட ஆழத்தில் முடிகிறது என்பதை அது சொல்கிறது.

ஊட்டி மாணவி:

அந்தக் கல்லின் ஆர்த்தோபைராக்சினில் நீர் இருக்கிறதா என்று அகச்சிவப்புக் கருவியில் பார்க்க முடியுமா? எங்கள் துறையில் கருவி இருக்கிறது. ஐயா அனுமதித்தால் வந்து ஒரு துண்டு வாங்கிக்கொள்கிறேன்.

கொடைப்பாறை:

தாராளமாகப் பார்க்கலாம். ‘நீரற்ற பாறை’ என்பது நீருள்ள கனிமங்கள் மிகக் குறைவு என்பதைக் குறிக்கும் பெயர். ஆர்த்தோபைராக்சினின் குறையிடங்களில் ஹைட்ரஜன் தடயம் இருப்பதை அது தடுக்காது. ஆனால் துண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உதிரும் பழுப்புத் தோலைத் தொடாதீர்கள். அங்கே மலைமழை கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தைக் கயோலின் களிமண்ணாக மாற்றியிருக்கும். கயோலினின் எடையில் 14 விழுக்காடு நீர், இன்னும் முற்றி ஜிப்சைட்டாகியிருந்தால் 35 விழுக்காடு. அதில் ஒரு துளி சில்லில் ஒட்டியிருந்தாலும் நீங்கள் தேடும் மெல்லிய சுவடு முழுவதும் மறைந்துவிடும். கல்லின் நடுவிலிருந்து, விரிசல் ஓடாத பகுதியில், பழுப்பு நிறமாக மின்னும் மணியைத் தனியே பிரித்தெடுத்து, அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து, இருபுறமும் மெருகேற்றுங்கள். சில்லை ஒட்டிய பசையை அசிட்டோனில் முழுவதும் கழுவிய பிறகே கருவியில் வைக்க வேண்டும். கருவிப் பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தாமல் அளக்க வேண்டாம். ஊட்டியின் ஜூலை மாதக் காற்றில் உள்ள ஈரமும் அதே 3 மைக்ரோமீட்டருக்கு அருகில்தான் கதிரை விழுங்கும்.

கோத்தகிரித் தேயிலை:

துண்டை நாளைக்கே உடைத்து வைக்கிறேன் அம்மா. நடுப்பகுதிதான் வேண்டும் என்பதால் பெரிய சம்மட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.